நாற்பத்து மூன்றாவது பிளக்

நான் தீவின் வடகரையில், செம்பவாங்கில் குடியிருக்கிறேன். வெள்ளைக்காரக் கடற்படை அங்கே கப்பல் பட்டறை வைத்திருந்த காலத்தில் என் அப்பா வீட்டிலிருந்து வேலைக்கு நடந்தே போனார். எனக்கு அந்தச் சுகம் வாய்க்கவில்லை. நான் வேலை பார்த்த பட்டறை தீவின் மேற்குக் கோடியில் இருந்தது. செம்பவாங்கிலிருந்து பூன் லே வரை பன்னிரண்டு நிறுத்தம், நடுவில் ஒரு ரயில் மாற்றம், பிறகு கம்பெனி பஸ்ஸில் இருபத்தாறு நிமிடம். கடற்கரையில் குடியிருப்பவன் கடலைத் தேடி ரயிலேறிப் போவதை நகரத் திட்டமிடல் என்கிறார்கள். அதை அறுபத்தெட்டு வயதில் செய்தால் மறுவேலை நியமனம். ஆண்டுக்கொரு முறை அதை நீட்டித்து ஒரு கடிதம் வரும். முதல் வரியில் என் அனுபவத்தை மதிப்பதாகச் சொல்லும். இரண்டாம் வரியிலிருந்து பதினான்கு நிபந்தனைகள்.

என் வேலை எண்ணுவது. கேட்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பழுது பார்க்க வரும் கப்பலை டாக் என்ற கடலோரப் பள்ளத்துக்குள் கொண்டுவந்து, கட்டைகள் மீது உட்கார வைத்துத் தண்ணீரை இறைத்துவிடுவோம். அதன் அடித்தகட்டில் ஆங்காங்கே பித்தளை மூடிகள் திருகியிருக்கும், ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். பிளக் என்போம். அவற்றைக் கழற்றினால் உள்ளே தொட்டிகளில் தேங்கிய தண்ணீரும் எண்ணெயும் வடியும். வேலை முடிந்து டாக்கில் மறுபடியும் தண்ணீர் விடுவதற்கு முன்னால் எல்லா ஓட்டைகளிலும் பிளக் திரும்பி ஏறியிருக்க வேண்டும். ஓர் ஓட்டை விட்டுப்போனாலும் கடல் உள்ளே வந்துவிடும், அதற்கு யாரும் வழி காட்ட வேண்டியதில்லை.

ஆகவே கழற்றிய பிளக்குகளை எண்ணி, பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியைக் கப்பல் அதிகாரியிடம் கொடுத்து, ஒரு தாளில் மூன்று பேர் கையெழுத்துப் போடுவோம். முதல் கையெழுத்து என்னுடையது. இரண்டாவது டாக் மாஸ்டருடையது, மூன்றாவது கப்பல் அதிகாரியுடையது. பின்னால் போடும் இருவரும் பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை, என் கையெழுத்தைத்தான் பார்ப்பார்கள். அதில் எனக்குப் பெருமை இருந்தது என்பதை மறைப்பானேன். எண்ணுவது எனக்கு வேலை மட்டுமல்ல. எங்கள் ஆலயப் பங்குச் சாமியார் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் ‘அன்பானவர்களே’ என்று முப்பத்தொரு முறை சொன்னார் என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன். அதற்கடுத்த வாரம் அவர் என்னைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிப் பிரசங்கம் செய்தார். இருபத்தேழு முறை.

அந்த ஆண்டு வந்தது ஒரு நட்பு நாட்டின் கடற்படைக் கப்பல். போர்க்கப்பல்களுக்கு எண்ணெயும் அரிசியும் கொண்டு போகும் சரக்குக் கப்பல்தான், ஆனாலும் சாம்பல் நிறப் பெயிண்ட் அடித்துவிட்டால் எல்லாருக்கும் ஒரு விறைப்பு வந்துவிடுகிறது. அந்தக் கப்பலோடு எங்கள் குழுவுக்கு ஒரு புது ஃபிட்டரும் வந்தார். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். முப்பத்தைந்து வயது இருக்கும். பதினோரு ஆண்டுகளாக இங்கே வெவ்வேறு பட்டறைகளில் வேலை பார்த்தவர். கை சுத்தம், பேச்சு கம்மி. அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. கப்பலில் முதலில் கழற்றும் பிளக்கைத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, கருவிகள் வைக்கும் கன்டெய்னரில் சாமி படங்கள் இருக்கும் பலகை மேல் வைத்துவிடுவார். முதலில் கழற்றிய அந்தப் பிளக்தான் கடைசியில் மாட்டப்படும். அதுவரை கப்பல் சாமியின் பொறுப்பு.

இந்த வழக்கம் எனக்கு அப்போது தெரியாது. முதல் பிளக் கழன்றபோது நான் பூன் லேயில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். இரண்டு நாளில் எல்லாவற்றையும் கழற்றி முடித்தார்கள். பெட்டியை எண்ணினேன்: நாற்பத்திரண்டு. கப்பலோடு வந்த வரைபடத்தில் ஓட்டைகளை எண்ணினேன்: நாற்பத்திரண்டு. இப்படி ஒரு பொருத்தம் கல்யாண ஜாதகத்தில்கூட அமையாது. கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த பதினெட்டு நாளும், சத்தத்துக்குக் காதில் வைக்கும் அடைப்பான் எடுக்க அந்தக் கன்டெய்னருக்குள் போய் வந்தேன். பலகையில் ஆறு சாமி படங்கள், ஒரு மின்விளக்கு, ஒரு மல்லிகைச் சரம், நடுவில் குங்குமம் வைத்த ஒரு பிளக். பதினெட்டு நாளும் பார்த்தேன். நான் கத்தோலிக்கன். பிறர் சாமி அறையில் கண்ணை ஓட்டி ஆராய்வது மரியாதை அல்ல என்று வளர்க்கப்பட்டவன். ஏதோ பழைய பிளக், பூசைக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். படங்களை எண்ணியவன் பிளக்கை எண்ணவில்லை.

பத்தொன்பதாவது நாள் சனிக்கிழமை. காலை பத்து மணிக்குத் தண்ணீர் விடுவதாக ஏற்பாடு. அதற்கு முந்தின நாளே வேறு இரண்டு பேர் பெட்டியிலிருந்த நாற்பத்திரண்டு பிளக்குகளையும் மாட்டி, மேலே சிமெண்ட் பூசிவிட்டார்கள். ஃபிட்டர் அந்த வெள்ளிக்கிழமை கப்பலின் பின்பக்கம் சுக்கான் வேலையில் இருந்தார். நான் வரைபடத்தோடு கீழே நடந்து ஒவ்வொன்றாகக் குறி போட்டு, மாட்டி முடிந்ததற்கான என் இரண்டாவது கையெழுத்தையும் தாளில் போட்டுவிட்டேன். சனிக்கிழமை காலை எட்டு இருபதுக்கு ஃபிட்டர் கையில் ஓர் எவர்சில்வர் தட்டோடு வந்தார். தட்டில் குங்குமப் பிளக்.

“சார், எந்த ஓட்டைய விட்டு வச்சிருக்கீங்க?”

“எதுக்கு?”

“கடைசிப் பிளக்கு சார். சாமிகிட்ட இருந்துச்சே, மொதல்ல கழட்டினது. இத மாட்டிட்டா முடிஞ்சிரும்.”

“எல்லாம் மூடியாச்சு. நாப்பத்திரெண்டும்.”

அவர் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “அப்ப இது எங்க இருந்து வந்துச்சு சார்?”

முதலில் எங்கே கழற்றினாய் என்று கேட்டேன். மூக்குப் பக்கம் என்றார். அதனால் பிரயோசனம் இல்லை. எல்லாப் பிளக்கும் ஒரே அளவு, எண்கள் எப்போதோ தேய்ந்துபோனவை. மூக்குப் பக்க ஓட்டையில் வேறு ஏதோ ஒரு பிளக் ஏறிவிட்டது. கப்பலிலிருந்து கழன்றது நாற்பத்து மூன்று, மாட்டியது நாற்பத்திரண்டு. வரைபடத்தில் இல்லாத ஓர் ஓட்டை அந்தக் கப்பலின் அடியில் எங்கேயோ திறந்து கிடந்தது. போதாததற்கு, அதைப் பார்க்கவும் வழியில்லை. பெயிண்ட் அடிப்பவர்கள் திறந்த ஓட்டைகளின் மேல் டேப் ஒட்டிவிட்டுத்தான் அடிப்பார்கள். வரைபடத்தில் இருந்தவற்றின் டேப்பை நாங்கள் உரித்தோம். மற்றதன் மேல் மூன்று பூச்சு ஏறி, சிவப்பாக, வழவழவென்று, மற்ற தகட்டைப் போலவே அழகாக இருக்கும்.

டாக் மாஸ்டர் வந்தார். இங்கேயே பிறந்த தமிழ் முஸ்லிம், பூர்வீகம் நாகூர்ப் பக்கம். எப்போதும் அவசரம், எப்போதும் சிரிப்பு.

“என்ன அண்ணே, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? பத்து மணிக்குத் தண்ணி லா. மேல கேப்டன் வெள்ளை யூனிஃபார்ம் போட்டு ரெடி.”

சொன்னேன். சிரிப்பு நின்றது. தட்டை எட்டிப் பார்த்தார்.

“இதுவா? இத நானும்தான் டெய்லி பாத்தேன்.”

“பாத்தீங்கன்னா ஏன் கேக்கல?”

“நான் எப்படிண்ணே கேக்குறது? உங்க ஆளுங்க சாமி விஷயம். ஒரு முஸ்லிம் போயி ‘இது ஏன் இங்க இருக்கு’ன்னு கேட்டா நல்லாவா இருக்கும்? நீங்க இருக்கீங்க, நீங்க பாத்துக்குவீங்கன்னு விட்டுட்டேன்.”

“நான் கிறிஸ்டியன்யா!”

“அதான் பாருங்க, நீங்களே கேக்கல!”

கப்பல் அதிகாரியும் பார்த்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது. அழகாக இருக்கிறது என்று படமெடுத்துத் தன் மனைவிக்கு அனுப்பியிருந்தாராம். ஆக மூன்று கையெழுத்துக்காரர்களும் பார்த்திருக்கிறோம். ஒருவர் மதத்தை ஒருவர் மதிப்பதைப் பள்ளியிலிருந்து நமக்குச் சொல்லித் தருகிறார்கள் அல்லவா? அந்தப் பாடத்தில் மூன்று பேரும் முதல் மதிப்பெண் வாங்கி, ஒரு கடற்படைக் கப்பலைத் தண்ணீர் குடிக்க வைக்க இருந்தோம்.

“ஸ்டோர்ல பழைய பிளக்கு ஒண்ணு கெடந்திருக்கும். அதப் போயி சாமிக்கு வச்சிட்டான் போல,” என்றார் டாக் மாஸ்டர். “தாள்ல நாப்பத்திரெண்டு, மாட்டினது நாப்பத்திரெண்டு. கரெக்டாத்தானே இருக்கு?”

“ஸ்டோர்ல எடுக்கல சார். என் கையால கப்பல்ல இருந்து கழட்டினேன்,” என்றார் ஃபிட்டர்.

டாக் மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். “அண்ணே, நிறுத்தணும்னா நீங்க எழுதிக் கொடுக்கணும். உங்க கணக்குத் தப்புன்னு. நானா நிறுத்த முடியாது. பத்துக்கு விடலன்னா கடல் இறங்கிடும், அப்புறம் நாளைக்குத்தான்.” பிறகு மெல்லக் கேட்டார். “உங்க லெட்டர் எப்ப வருது?”

“புதன்கிழமை.”

எண்ணுவதற்காகவே வேலையில் வைத்திருக்கும் கிழவன், தனக்கு எண்ணத் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்த நான்காம் நாள் அவனுடைய மறுவேலைக் கடிதம் மேசைக்கு வரும். அதற்கு மேல் கணக்கு வேண்டாம்.

உடனே எழுதிக் கொடுத்தேன் என்று சொல்ல ஆசைதான். பதினோரு நிமிடம் எடுத்துக்கொண்டேன். கைக்கடிகாரத்தைப் பார்த்ததால் தெரியும். அந்தப் பதினோரு நிமிடத்தில் நான் கண்டுபிடித்த நியாயங்களைக் கேட்டால் வக்கீல்கள் பொறாமைப்படுவார்கள். ஃபிட்டருக்கு ஞாபகப் பிசகு இருக்கலாம். வேறு கப்பலின் பிளக்காக இருக்கலாம். ஓட்டை இருந்தாலும் அது காலி அறையாக இருக்கலாம். டேப்பே தண்ணீரைத் தாங்கலாம்! டேப் ஒட்டிக் கப்பல் விடலாம் என்றால் எங்களுக்கெல்லாம் என்ன வேலை என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை.

அப்போது ஃபிட்டர் இடுப்பில் டார்ச்சைச் சொருகிக்கொண்டு, தட்டை என் கையில் கொடுத்தார்.

“நீ எங்க போற?”

“மேல சார். தண்ணி விடும்போது உள்ள அடித்தளத்துல நின்னு பாக்கணும்ல. நாங்க ஒம்பது பேரு.”

தண்ணீர் ஏறும்போது எங்காவது கசிகிறதா என்று பார்க்க ஆட்கள் உள்ளே நிற்பது வழக்கம். பார்க்கக்கூடிய இடங்களைப் பார்ப்பார்கள். மூடிப் பூட்டிய அறைக்குள் கடல் நிரம்புவதை யாரும் பார்க்க முடியாது. ஒரு பக்கம் கனத்துப் போய், கட்டைகளை விட்டுக் கிளம்பும் அந்த நிமிடத்தில் கப்பல் சாய்ந்தால், உள்ளே இருக்கும் ஒன்பது பேருக்கு ஏணியில் ஏற எத்தனை வினாடி கிடைக்கும் என்பது எனக்கு எண்ணத் தெரியாத கணக்கு. தாளை வாங்கினேன். என் இரண்டு கையெழுத்தையும் அடித்தேன். ‘என் எண்ணிக்கை தவறு. தண்ணீர் விட வேண்டாம்’ என்று எழுதினேன்.

பிறகு எல்லாரும் கப்பலின் அடியில் இறங்கித் தேடினோம். தலைக்கு மேல் நூறு மீட்டருக்கும் அதிகமான சிவப்புத் தகடு. பெயிண்ட் வேலையின் மேஸ்திரியைக் கூப்பிட்டு, எத்தனை ஓட்டைக்கு டேப் ஒட்டினீர்கள் என்று கேட்டேன்.

“தொறந்து இருந்ததுக்கெல்லாம் ஒட்டினோம்.”

“எத்தனைன்னு கேட்டேன்.”

“அதான் சொல்றேனே, எல்லாத்துக்கும்.” இப்படிப்பட்டவர்கள் இந்த உலகத்தில் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

மரச் சுத்தியலால் தட்டிப் பார்த்தோம். எனக்கு எல்லாச் சத்தமும் ஒரே சத்தமாகக் கேட்டது. டாக் மாஸ்டர் தொலைபேசியில் மூன்று பேரிடம் மூன்று விதமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டே தட்டினார். மேலேயிருந்து கேப்டன் குனிந்து பார்த்து, சீருடை அழுக்காகும் என்று பின்வாங்கிக்கொண்டார். ஃபிட்டர் மட்டும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, கட்டை விரலால் தகட்டை வரிசை வரிசையாக அழுத்திக்கொண்டே வந்தார். பதினொன்று நாற்பதுக்கு, இடது பக்கம், நடுவிலிருந்து கொஞ்சம் பின்னால், ஒரு கட்டையின் நிழல் விழும் இடத்தில் நின்றார்.

“சார், இங்க வந்து கை வைங்க.”

வைத்தேன். ஆப்பத்தின் நடுப்பகுதி மாதிரி மெத்தென்றிருந்தது. அவர் கத்தியால் கீறி டேப்பை உரித்தார். ஓட்டை. உள்ளேயிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் என் கண்ணாடியில் விழுந்தது. முன்பு வேறு ஏதோ துறைமுகத்தில் ஒரு தொட்டியைத் தடுத்து இரண்டாக்கி, புதுப் பாதிக்கு ஒரு பிளக் வைத்தவர்கள், வரைபடத்தில் அதைக் குறிக்கச் சோம்பல்பட்டிருக்கிறார்கள். குங்குமம் துடைக்காமலே ஃபிட்டர் பிளக்கை மாட்டினார். டாக் மாஸ்டர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அல்ஹம்துலில்லாஹ்” என்றார். நான் சிலுவை போட்டுக்கொண்டேன். இப்போதுதான் உண்மையான மத நல்லிணக்கம்.

கப்பல் ஞாயிற்றுக்கிழமை மிதந்தது, சாயவில்லை. திங்கட்கிழமை விசாரணை. பாதுகாப்பு அதிகாரி ஒரு படிவம் கொண்டுவந்தார். அதில் ‘ஏன்’ என்று ஐந்து முறை கேட்டு, ஐந்தாவது பதிலில் மூல காரணத்தைப் பிடிக்க வேண்டும். அவர் முதல் ஏனிலேயே பிடித்து வைத்திருந்தார்: பணியாளர் ஒருவர் மத வழிபாட்டுக்காகப் பிளக்கை அகற்றி வைத்தார். கீழே நான் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. போட்டால் ஃபிட்டர் வேலை போய் அந்த வாரமே ஊருக்கு விமானம் ஏறியிருப்பார், என் புதன்கிழமை ஒழுங்காகப் போயிருக்கும்.

“வழிபாட்டுக்காகக் கழற்றவில்லை, வேலைக்காகக் கழற்றினார். மறைத்தும் வைக்கவில்லை,” என்றேன். “கண் மட்டத்தில், விளக்குப் போட்டு, பூ வைத்துப் பதினெட்டு நாள் காட்டிக்கொண்டிருந்தார். இந்தப் பட்டறையில் அவ்வளவு பத்திரமாக இருந்த பொருள் வேறு எதுவும் இல்லை. எண்ண வேண்டியவன் எண்ணவில்லை. ஐந்து ஏனுக்கும் அதே பதில்தான்.”

இதில் தியாகம் எதுவும் இல்லை. என் தவறுக்கு இன்னொருவர் பெயரில் தாள் இருப்பதை நான் எப்படிப் பொறுத்துக்கொள்வது? எண்ணிக்கை தப்பினாலும் அது என் எண்ணிக்கை.

புதன்கிழமை உறை வந்தது. சொன்ன நாளில் வந்ததில் ஒரு திருப்தி. உள்ளே இரண்டு தாள்கள். ஒன்று, விழிப்புடன் செயல்பட்டுப் பெரும் விபத்தைத் தடுத்ததற்குப் பாராட்டு. மற்றொன்று, மறுவேலை நியமனம் இவ்வாண்டு நீட்டிக்கப்படாது என்ற அறிவிப்பு. இரண்டிலும் ஒரே அதிகாரியின் கையெழுத்து. மனிதவளப் பிரிவில் இருந்த தமிழ்ப் பெண், என் மகளைவிடச் சின்னவர், ஆறுதல் சொன்னார்.

“அங்கிள், டோன்ட் டேக் இட் பெர்சனலி, ஓகே? ரெஸ்ட் எடுங்க. பேரப்பிள்ளைங்களோட டைம் ஸ்பென்ட் பண்ணலாம்ல.”

எனக்குப் பேரப்பிள்ளைகள் இல்லை. அதை எண்ணிப் பார்க்க அவருக்கு நேரமும் இல்லை.

ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில், தேக்கா சந்தைக்கு எதிரே, மீன் பையோடு நின்றவனை “சார்” என்று யாரோ இழுத்தார்கள். ஃபிட்டர். இஸ்திரி போட்ட சட்டை. வேண்டாம் என்று சொல்வதற்குள் டீக்கடைக்கு அழைத்துப் போய் உட்கார வைத்தார். சாமி பலகை அப்படியே இருக்கிறதாம். அதன் அடியில் நான்கு மொழியில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்களாம், இங்கே வைக்கப்படும் எல்லாப் பொருளும் கணக்கில் சேரும் என்று. என் இடத்தில் டேப்லெட் வைத்த இரண்டு பட்டதாரிகள்.

“ஒருத்தரு எண்ணுவாரு, இன்னொருத்தரு அவரு எண்ணுறத வீடியோ எடுப்பாரு சார்.”

“ரெண்டு பேரும் எண்ண மாட்டாங்களா?”

“அது தெரியல சார்.”

டீ வந்தது. அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“அன்னிக்கு அந்த டாக் மாஸ்டர் சொன்ன மாதிரி, ஸ்டோர்ப் பிளக்குன்னு நீங்க விட்டிருக்கலாம் சார். வேலையில இருந்திருப்பீங்க.”

“இருந்திருப்பேன் தம்பி. நீ அந்தக் கப்பலுக்குள்ள இருந்திருப்ப.”

சாலையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் எங்கள் முதுகை உரசிக்கொண்டு போனது. அவர் குவளையை என் பக்கம் நகர்த்தி, “டீ ஆறுது சார்” என்றார்.

குடித்தேன். சர்க்கரை மிக அதிகம், டிகாக்ஷன் பழையது, குவளை சரியாகக் கழுவவில்லை. மூன்று குறைகள். மூன்றையும் சொல்லாமலே குடித்து முடித்தேன்.